முதல் நாள் அருமைநாயகம்

வலம்புரித் தீவின் முதல் குடியரசுத் தலைவராக அருமைநாயகம் பதவியேற்ற அன்று, சட்டப்படி அவரை இரண்டு பேராக்கினார்கள். ஒருவர் கழுத்து நிறைய மாலைகளோடு மேடையிலிருந்து இறங்கி ஜனங்களுக்குள் நடந்து போனார். இன்னொருவர் நீதிமன்றத்தின் நிலவறையில், குளிரூட்டிய ஒரு பெட்டிக்குள் தூங்கப் போனார்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ரெமி என்ற ரெமிஜியுஸ். தொழிற்சங்கச் செயலாளராக இருந்து, புதிய குடியரசின் அரசியல் சட்டத்தை எழுதியவர். யோசனையைச் செயலாக்கிக் காட்டியவர் அவர் மனைவி டாக்டர் கிளாரா.

தீவில் இருந்தவர்கள் எல்லோரும் கம்பெனி கொண்டுவந்து இறக்கிய ஜனங்கள்தான். கடலடியில் கிடக்கும் உலோகத்தை அள்ளுவதற்காக, இரண்டு தலைமுறைக்கு முன் தூத்துக்குடிக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகக் கூட்டி வந்தார்கள். வீடு கம்பெனியுடையது, படகு கம்பெனியுடையது, குடிக்கும் தண்ணீரும் கம்பெனியுடையது. ஆழத்தில் மனிதன் இறங்க முடியாத இடத்துக்கு இயந்திரங்களை அனுப்பினார்கள். கைதேர்ந்த முக்குளிப்பவர்களின் மூளையைப் பிரதி எடுத்து அந்த இயந்திரங்களில் ஏற்றினார்கள். பிரதி எடுக்கும் கூடத்தில்தான் கிளாரா வேலை பார்த்தாள்.

வேலைநிறுத்தம் கலகமாக மாறிய வருடத்தில், பளுதூக்கி ஓட்டிக்கொண்டிருந்த அருமைநாயகம் நாற்பது பேரோடு போய்த் தண்ணீர் ஆலையைக் கைப்பற்றினார். கம்பெனி அடைத்து வைத்திருந்த குழாய்களைத் தன் கையாலேயே திறந்துவிட்டார். ஒவ்வொரு தெருவிலும் தண்ணீர் வந்தது. அந்த வருடத்துக்குள் கம்பெனி தீவை விட்டுப் போனது. அவரை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. பச்சைப்பிள்ளை முதல் பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

அவருக்கு எதிராகத் தேர்தலில் நிற்க யாரும் முன்வரவில்லை. அது ரெமிக்குக் கவலையாக இருந்தது. அவர் அதை அருமைநாயகத்திடமே சொன்னார்.

"நீங்க நல்லவங்கதான் அண்ணாச்சி. அந்த நாற்காலியை நம்ப முடியாது. இன்னைக்கு இருக்கிற உங்களை நாங்க ஒரு பிரதி எடுத்து வச்சுக்கிடுதோம். வருசா வருசம் அதை எழுப்பி, நீங்க செஞ்சதையெல்லாம் சொல்லுவோம். இதுக்காகத்தான் பதவிக்கு வந்தீங்களான்னு கேப்போம். இல்லைன்னு சொல்லிட்டா நீங்க இறங்கணும்."

அருமைநாயகம் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னை நானே காவல் காக்கச் சொல்லுத. சரி, எழுது."

அதற்குச் சட்டத்தில் சாட்சி என்று பெயர். முதல் நாள் அண்ணாச்சி என்பது ஜனங்கள் வைத்த பெயர். பதவியேற்பு மேடையில், தலையில் மெல்லிய கம்பி வலை போர்த்திக்கொண்டு அவர் உறுதிமொழி சொன்னார். அந்த நேரத்து மனம் அப்படியே பெட்டிக்குள் போனது. தலைமை நீதிபதி மைதீன் பிச்சைக்கு இதில் பெரிய சந்தேகம் இருந்தது. பெட்டிக்குள் இருப்பது வயதாகி, மனம் மாறிப் போய்விடாதா என்று கிளாராவிடம் கேட்டார்.

"மாறாது சார்," என்றாள் அவள். "எத்தனை வருசம் கழிச்சு எழுப்பினாலும் அதுக்கு இன்னைக்குத்தான் பதவியேற்பு நாள். நடுவுல நடந்தது எதுவும் தெரியாது. நாமதான் சொல்லணும். பேசி முடிச்சதும் பேசினதையும் மறந்துபோகும்."

முதல் இரண்டு வருடமும் குடியரசு நாளில் சாட்சியை எழுப்பினார்கள். நீதிபதி கேட்பதும் சாட்சி சொல்வதும் தெருத்தெருவாக இருந்த ஒலிபெருக்கிகளில் கேட்டது. பள்ளிக்கூடம் கட்டியது, படகுகளைப் பிரித்துக் கொடுத்தது, ஆஸ்பத்திரி திறந்தது என்று நீதிபதி வாசித்தார். ரொம்ப சந்தோசம், இதுக்குத்தான் வந்தேன் என்றது சாட்சி. வெளியே இருப்பவன் தடிச்சிட்டானா, இன்னும் நடக்கிறானா என்று கிண்டலும் செய்தது. ஜனங்கள் தெருவில் நின்று கேட்டுச் சிரித்தார்கள்.

மூன்றாவது வருடம் உலோகத்தின் விலை விழுந்தது. கம்பெனி திரும்பி வரப்போகிறது என்று அரசாங்கம் சொன்னது. அதைக் காரணம் காட்டி வேலை நேரத்தைக் கூட்டினார்கள், சங்கத்தைக் கலைத்தார்கள், இரண்டு பத்திரிகைகளை மூடினார்கள். வேலைக்கு வராத தெருக்களுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். முக்குளிப்பவர்கள் துறைமுகத்தில் கூடி உட்கார்ந்தபோது காவல்படை சுட்டது. செத்தவர்களைக் கணக்குக் காட்டவே இல்லை.

காவல்படைத் தலைவர் பொன்னுலிங்கம் கடுமையான ஆள். தீவு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. அண்ணாச்சி நல்லவரு, கூட இருக்கிறவங்கதான் கெடுக்காங்க. புருஷனைத் துறைமுகத்தில் பறிகொடுத்தவர்கள்கூட அருமைநாயகத்தின் படத்தை வீட்டுச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. பொன்னுலிங்கத்தைத்தான் சபித்தார்கள்.

ரெமி சட்டமன்றத்தில் எழுந்து, உடனே சாட்சியை எழுப்ப வேண்டும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றார். அந்த வாரமே அவர் காணாமல் போனார். படகிலிருந்து தவறி விழுந்தார் என்று அறிவித்தார்கள். உடல் கிடைக்கவில்லை. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு சாட்சியின் அறைக்கு முத்திரை வைத்தார்கள்.

துக்கம் கேட்க அருமைநாயகமே வந்தார். கிளாராவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குக் கூடப்பிறந்தவன் போனமாதிரி இருக்கு என்றார். அந்த அழுகை பொய்யாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பொன்னுலிங்கம்தான் செய்திருப்பான், இவருக்குத் தெரிந்திருக்காது என்று அவளும் நினைத்தாள். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிந்திய வருடங்களை ஓட்டினாள்.

அவளை அவர்கள் தொடவில்லை. பெட்டியின் குளிர் குறைந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள் தீவில் அவள் ஒருத்திதான். சாட்சியை அழித்துவிட்டார்கள் என்று பேர் வந்தால் ஜனங்கள் பொறுக்க மாட்டார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். அதனால் மாதம் ஒருமுறை காவலோடு அறைக்குள் போய்வர அவளுக்கு மட்டும் அனுமதி இருந்தது.

வருடங்கள் போனதும் சுவர்களில் கரியால் எழுத ஆரம்பித்தார்கள். முதல் நாளை எழுப்புங்கள். எழுதிய கைகளைப் பிடித்து உடைத்தார்கள். ஆனாலும் மறுநாள் வேறொரு சுவரில் அதே எழுத்து இருக்கும். அந்தக் குரல் ஒருமுறை எழுந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

எட்டாவது குடியரசு நாள் நெருங்கியபோது புதிய சட்டத் திருத்தம் வந்தது. அருமைநாயகம் ஆயுள் முழுவதும் தலைவர். சாட்சி இனித் தேவையில்லை, விழா முடிந்ததும் பெட்டியை அப்புறப்படுத்துவார்கள்.

பதவி பறிக்கப்பட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த மைதீன் பிச்சை, கோயிலிலிருந்து திரும்பிய கிளாராவை வழியில் நிறுத்தினார். நீதிமன்றத்திலிருந்து ஒலிபெருக்கிகளுக்குப் போகும் பழைய கம்பியை யாரும் அறுக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விழா அன்று காவல்படை முழுவதும் மைதானத்தில் இருக்கும். அன்றைக்குப் பராமரிப்பு என்று சொல்லி அவள் உள்ளே போக வேண்டும், உதவியாளாக அவர் வருவார். சட்டம் இன்னும் அவரைத்தான் கேள்வி கேட்கச் சொல்கிறது, ஏனென்றால் அவரை நீக்கியதே செல்லாது.

"மாட்டிக்கிட்டா ரெண்டு பேரும் கடலுக்குத்தான் சார் போவோம்," என்றாள் கிளாரா.

"தெரியும்மா. எனக்கு வயசாச்சு. உனக்குத்தான் யோசிக்கணும்."

அவள் யோசிக்கவில்லை. ரெமி செத்தது அண்ணாச்சிக்குப் பொறுக்காது என்பதை அந்தக் குரலே சொல்லக் கேட்க வேண்டும். அவளுக்கு அது போதும்.

குடியரசு நாளன்று காலை பத்து மணிக்கு மைதானத்தில் அருமைநாயகம் பேச எழுந்தார். அதே நேரத்தில் நிலவறை வாசலில் இருந்த காவலர் இருவரும் கிளாராவின் அனுமதி அட்டையைப் பார்த்து வழிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால், ஒரு வாயு உருளையைத் தோளில் சுமந்தபடி நீதியரசர் மூச்சு வாங்க நடந்தார். அவர் முகத்தை அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே போனதும் இவர்கள் கதவை அடைத்து உள்பக்கம் தாழ் போட்டார்கள். கிளாரா ஒலிபெருக்கிக் கம்பியை இணைத்தாள், பிறகு பெட்டியை எழுப்பினாள்.

மைதீன் பிச்சை தன் பெயரைச் சொன்னார். குரல் உடனே வந்தது. கலகத்து நாட்களில் கூட்டங்களில் கேட்ட அதே கணீர்க் குரல்.

"காலையிலதான சார் உங்களைப் பாத்தேன். அதுக்குள்ள தொண்டை இப்படித் தளர்ந்துபோச்சே. எத்தனை வருசம் ஆகுது?"

எட்டு வருடம் என்றார் நீதிபதி. கூட யார் யார் இருக்கிறார்கள் என்று சாட்சி கேட்டது. ஆயுளில் மைதீன் பிச்சை நீதிமன்றத்துக்குள் பொய் சொன்னதில்லை. ஆனால் ஊரே கேட்கிறது என்று தெரிந்தால், தலைவரை வெளிப்படையாகக் குற்றம் சொல்ல அது தயங்குமோ என்று பயந்தார்.

"நானும் டாக்டரும்தான். வேற யாரும் இல்லை."

பிறகு ஒன்றையும் விடாமல் சொன்னார். சங்கத்தைக் கலைத்தது, பத்திரிகைகளை மூடியது, தெருக்களுக்குத் தண்ணீரை நிறுத்தியது, துறைமுகத்தில் சுட்டது, கடைசியாக ஆயுள் பதவி. மைதானத்தில் அருமைநாயகத்தின் பேச்சு நின்றுபோயிருந்தது. தெருக்களில் ஜனங்கள் வாசலுக்கு வந்து, ஒலிபெருக்கிக் கம்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்காகத்தான் பதவிக்கு வந்தீங்களா?" என்று சட்டத்தில் எழுதியிருந்தபடி நீதிபதி கேட்டார்.

"ஆயுள் பதவிக்கு எட்டு வருசமா எடுத்தான்?" என்றது சாட்சி.

நீதிபதிக்குக் கேள்வி புரியவில்லையோ என்று தோன்றியது. தண்ணீரை நிறுத்தியதால் குழந்தைகள் செத்தன என்று மறுபடி விளக்கினார்.

"புரியுது சார். நீங்க ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க, அதனால மறைக்காம சொல்லுதேன். ஆலையைப் பிடிச்ச அன்னைக்குக் குழாயைத் திறந்துவிட்டேன்லா, ஜனங்க எங் கால்ல விழுந்தாங்க. அப்பவே எனக்கு ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. திறக்கிறவன் கால்ல விழுறவன் மூடுறவன் கால்லயும் விழுவான். துறைமுகத்துல ஓடித் தப்பிச்சவங்களை அப்புறம் பிடிச்சாச்சா?"

சட்டப்படி சாட்சி தலைவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி ஆயுள் பதவியை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. கம்பியைப் பிடுங்கிவிடும்படி மைதீன் பிச்சை கிளாராவுக்குச் சைகை காட்டினார். அவள் நகராததால் தானே பிடுங்கப் போனார். கிளாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நான் கிளாரா பேசுதேன். ரெமி செத்துட்டாங்க."

கிளாரா பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எப்போ?"

"மூணாவது வருசம்."

"அவ்வளவு நாள் விட்டா வச்சிருந்தான்?"

சாட்சி மெதுவாக, ஆறுதல் சொல்லும் குரலில் பேசியது. "தப்பா நெனைக்காதம்மா. அவன் என் சிநேகிதன்தான். இன்னைக்கு மேடையில பக்கத்துல நின்னான். நான் உறுதிமொழி சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவன் இருக்கிற வரைக்கும் நான் முழுத் தலைவன் ஆக மாட்டேன். கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். பொன்னுலிங்கம்னு ஒரு பயல் இருக்கான், சொன்னதைச் செய்வான். பழியை அவன் தலையில போட்டுக்கலாம்."

கிளாரா பெட்டியை நிறுத்தினாள். தாழ் போட்ட கதவை வெளியிலிருந்து யாரும் தட்டவில்லை. அவள் திறந்தபோது காவலர் இருவரும் துப்பாக்கிகளைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனின் தம்பி துறைமுகத்தில் செத்தவன். இத்தனை காலமும் அந்தச் சாவுக்குப் பொன்னுலிங்கத்தைத்தான் அவன் மனதில் வைத்திருந்தான்.

சட்டம் அருமைநாயகத்தைக் காப்பாற்றிவிட்டது. வேறெதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. மைதானத்தில் கூச்சலோ கல்லெறியோ இல்லை. ஜனங்கள் எழுந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். அவர் மேடையில் நின்று, இது எதிரிகளின் சதி என்று காலியாகிக்கொண்டிருந்த மைதானத்தைப் பார்த்துப் பேசினார். மறுநாள் யாரும் வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் ஆலையில் இருந்தவர்கள் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, அடைக்கும் சக்கரங்களைக் கழற்றிக் கடலில் எறிந்தார்கள். வீட்டுச் சுவர்களில் இருந்த படங்கள் தெருவுக்கு வந்தன.

அவரைக் கைது செய்தது பொன்னுலிங்கம். நியாயம் பார்த்து அவன் அதைச் செய்யவில்லை. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தான். அஞ்சு வருசமா என் பெண்டாட்டியே என்னைக் கொலைகாரன்னு ஏசினா, எனக்கு அப்படி ஒரு வேலை கொடுக்க இவன் முதல் நாளே முடிவு பண்ணியிருக்கான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு அவனையும் பிடித்து அடைத்தார்கள். ரெமியைப் படகில் ஏற்றி விட்டதோடு தன் வேலை முடிந்தது, எங்கே போட்டார்கள் என்பது அண்ணாச்சியின் மெய்க்காவலர்களுக்குத்தான் தெரியும் என்றான். அந்த மெய்க்காவலர்கள் கலவரத்துக்குப் பயந்து ஏற்கனவே தீவை விட்டு ஓடியிருந்தார்கள்.

வழக்கு தொடங்குவதற்கு முன்பு அருமைநாயகம் கிளாராவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அவள் போனாள். சிறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

செய்ததையெல்லாம் நீதிமன்றத்தில் ஒத்துக்கொள்வதாக அவர் சொன்னார். துறைமுகம், தண்ணீர், எல்லாம். கம்பெனியைப் பற்றிய பயத்தில் செய்தேன், நாற்காலி என்னை மாற்றிவிட்டது, தூக்கில் போட்டாலும் போடட்டும் என்றார். அந்தப் பிரதி பேசியதை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"குரல் என்னுதுதான். பேச்சு என்னுது இல்ல. அதை நீ திருத்திட்டன்னு கோர்ட்டுல சொல்லிரு கிளாரா. அந்த ஒண்ணை மட்டும் சொல்லு. ரெமியை எங்க போட்டாங்கன்னு நான் சொல்லுதேன்."

ஐந்து வருடமாக ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும், பூ வைக்க ஒரு கல்லறை இல்லாமல் கிளாரா வெறுங்கையோடு கோயிலுக்குப் போய்த் திரும்பியவள். ஒரே ஒரு பொய். அதைச் சொல்லிவிட்டால் ரெமியைக் கொண்டுவந்து புதைத்துவிடலாம். அந்தப் பொய்யை அவள் சொன்னால், அண்ணாச்சி நல்லவராத்தான் வந்தாரு என்ற பேச்சு மறுநாளே தெருக்களில் திரும்பிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணும் திருத்தலை," என்றாள்.

"எனக்குத் தெரியும்லா நான் எப்படி இருந்தேன்னு? நான் நல்லவனாத்தான் வந்தேன். அப்புறம்தான் கெட்டேன். அவனுக்காக உன் வீட்டுல வந்து அழுதேன், அது பொய்யா?"

"நிஜமாத்தான் இருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். கிளாரா கிளம்பத் திரும்பினாள். அப்போது அவர் பேசினார். அது அவளிடம் பேசுவது போல இல்லை.

"அன்னைக்கு மேடையில பேரை வாசிச்சாங்க. சட்டத்தை எழுதியவர்னு அவன் பேரை முதல்ல வாசிச்சாங்க. கைத்தட்டல் நிக்கவே இல்ல. உறுதிமொழி சொல்லக் கையைத் தூக்கிட்டேன். இறக்கவும் முடியல. அவனுக்குத் தட்டி முடிக்கிற வரைக்கும் நான் கையைத் தூக்கிக்கிட்டே நின்னேன்."

ரெமி எங்கே என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வழக்கு நடந்தது, ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அந்த இடத்தை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் முக்குளிப்பவர்கள் கிளாராவின் வீட்டுக்கு வந்தார்கள். வடக்கு அலைத்தடுப்புச் சுவரிலிருந்து தொடங்கி அடிக்கடல் முழுவதையும் தேடப் போகிறோம், இயந்திரங்களும் இருக்கின்றன, நேரம் ஆனால் ஆகட்டும் என்றார்கள். துறைமுகத்திலிருந்து எடுத்துப் போனவர்களையும் அங்கேதான் எங்காவது போட்டிருப்பார்கள். முதல் படகில் கிளாராவும் ஏறிக்கொண்டாள். கரை தள்ளிப் போனதும், சந்தியாகு என்ற மூத்த முக்குளிப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, இத்தனை வருசம் ஆச்சு, துணிமணி ஒண்ணும் இருக்காது. சார் கையில கல்யாண மோதிரம் போட்டிருந்தாவளா?"

"போட்டிருந்தாங்க," என்றாள் கிளாரா. "கழட்ட வராது. விரல் தடிச்சுப்போச்சு."

அவர் தலையசைத்துவிட்டு, மற்றவர்களிடம் அதைச் சொல்லப் போனார்.